2023 ராணி எலிசபெத் பொறியியல் பரிசு ஏன் 'பெர்க்' சூரிய மின்கலத்துக்குக் கிடைத்தது?

மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா சாவ் ஆகிய நால்வரும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தொகை 5 லட்சம் பவுண்டு. பெர்க் (PERC, Passivated Emitter and Rear Cell) என்பது பின்புறத்தில் காப்புப் படலம் கொண்ட சிலிக்கான் மின்கலம். மின்கலத்தின் பின்புறத்தைச் சரிசெய்ததுதான் அவர்கள் செய்த வேலை.

பழைய மின்கலத்தில் பின்பக்கம் முழுக்க அலுமினியம். சிலிக்கானை உலோகம் தொடும் இடமெல்லாம் ஒளியால் விடுபட்ட எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) மீண்டும் சேர்ந்து வீணாகும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு நடுவே ஒரு மின்கடத்தாப் படலத்தை வைத்து, சிறு சிறு திறப்புகளில் மட்டும் உலோகத்தைத் தொடவிட்டது. 1989இல் அவர்கள் வெளியிட்ட செயல்திறன் 22.8%. கூடுதல் லாபம், உறிஞ்சப்படாமல் தப்பும் அகச்சிவப்பு ஒளியும் பின்புறத்தில் பட்டுத் திரும்பி வரும்.

ஆனால் ஆய்வகமுறைக்குச் செலவு அதிகம். ஆலைக்கு வந்தது, அந்தப் படலமாகச் சில நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியம் ஆக்சைடு படிய வைக்கவும் லேசரால் திறப்புப் போடவும் வழி பிறந்த பிறகே. சிலிக்கான் நைட்ரைடை மட்டும் பூசினால் போதாதா என்றால், போதாது: அதிலுள்ள நேர்மின்னூட்டம் பி-வகைச் (துளைகள் மிகுந்த) சிலிக்கானின் பின்புறத்தில் மின்கசிவுக்கு வழிவிடும். அலுமினியம் ஆக்சைடில் இருப்பது எதிர்மின்னூட்டம், எலக்ட்ரான்களை அண்டவிடாது. நைட்ரைடு அதன்மேல் காப்பாக வரும்.

திறப்புகளின் இடைவெளிதான் தலைவலி. நெருக்கினால் மறுசேர்க்கை கூடும், விலக்கினால் மின்தடை. உலையில் சுடும்போது சிலிக்கான் அலுமினியத்துக்குள் கரைந்து போய்விட்டால், திறப்பில் வெற்றிடம் விழுந்து அந்தத் தொடர்பே கெட்டுவிடும்.