பழைய டிரம் செட்ட அடிக்கலாமா பூட்டி வைக்கலாமா: உப்புக்காத்து ஊர்க்காரங்க கேள்வி பதில்

பழைய டிரம்ஸ் வச்சிருக்கவங்க என்ன வேணாலும் கேளுங்கன்னு சொன்னதுதான் தாமதம், ஃபோன் பூரா போட்டோவா வந்து கொட்டிருச்சு. மண்டபம் ஊர்ல உக்காந்து முப்பது வருசமா கோயில் திருவிழா, கல்யாண ஆர்கெஸ்ட்ரான்னு அடிச்சவன் நான், உண்மைய சொன்னா அடிச்சத விட கழட்டி மாட்டுனதுதான் ஜாஸ்தி. ஒரே மாதிரி கேட்டவங்கள ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கீழக்கரை: காக்கா, எங்க வாப்பாவோட வாப்பா கொழும்புல யாவாரம் பண்ணுனப்ப வாங்குன பிரீமியர் செட்டு, தனுஷ்கோடி வழியா போட் மெயில்ல வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அண்ணன் மவன் அடிக்கணும்ங்கிறான், வீட்ல பெரியவங்க தொடவே கூடாதுங்கிறாங்க. எது சரி?

தனுஷ்கோடி வழியா வந்ததுன்னா 1964 டிசம்பர் புயலுக்கு முந்தி வந்திருக்கணும், அப்ப அது அறுபது வயசு தாண்டுன செட்டு. பிரீமியர் 1922ல லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி, 1940ல குண்டு விழுந்து ஃபேக்டரி போனதும் லெஸ்டர் பக்கம் மாறிட்டாங்க, கொழும்புல இங்கிலீஸ்காரன் சாமான் கெடைக்கிறது அப்ப ஒண்ணும் அதிசயம் இல்ல.

ரெண்டு பேரு சொல்றதும் பாதி சரி. ஷெல்லு, அதாவது டிரம்மோட உருளை உடம்பு, மரம், அத அளவா அடிச்சா ஒண்ணும் ஆகாது. கெடுறது எல்லாம் மரத்துல தொங்குற உலோகம்தான், லக்கு (மேல்தோல இறுக்குற போல்ட்டு போற உலோகக் கூடு), ஸ்னேரோட (அடியில கம்பி கட்டுன டிரம்மு) லீவரு (அந்தக் கம்பிய இறுக்கித் தளத்துற விசை), டாம் (பேஸ் டிரம் மேல உக்கார்ற டிரம்மு) புடிச்சிருக்க கிளாம்பு. அதனால பையன் அடிக்கட்டும், ஆனா பழைய ஸ்டாண்டு எதையும் வெளிய எடுக்காதீங்க. அந்தக் காலத்து சிம்பல் (அடிக்கிற உலோகத் தட்டு) ஸ்டாண்டு காலு குச்சி மாதிரி இருக்கும், இப்ப உள்ள கனமான சிம்பல மாட்டி ஒரு அடி வச்சா செட்டு மேலயே சாயும். மலிவா ஒரு புது ஸ்டாண்டு செட்டு வாங்கிப் போடுங்க. டாம பேஸ் டிரம் மேல தொங்க விடாம ஒரு ஸ்னேர் ஸ்டாண்டுல உக்கார வைங்க, பாதி பாரம் ஷெல்லுல இருந்து எறங்கிரும்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. 1960கள் கடைசி வரைக்கும் வந்த பிரீமியர் ஷெல்லு இன்னிக்கு உள்ள ஸ்டாண்டர்டு அளவ விட கொஞ்சூண்டு பெருசு. கடையில 12 இன்ச் ஹெட்டு, அதான் அடிக்கிற மேல்தோலு, வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்து ஏறலைன்னு ஷெல்ல உப்புத்தாள் போட்டு தேய்ச்ச புண்ணியவான்கள நான் பாத்திருக்கேன், அந்த செட்டு அதோட முடிஞ்சுச்சு. பழைய அளவுன்னு சொல்லி தனியா ஆர்டர் போட்டு வாங்குங்க, லேட்டாகும், பரவால்ல.

தங்கச்சிமடம்: அண்ணே, எங்க கோயில் பாட்டுக்குழு செட்டுல ஒரு லக்கு மேல கோடு விட்டுருக்கு. போல்ட்டும் வழுக்குது. சைக்கிள் கடையில எம்6 போல்ட்டு போட்டுத் தர்றேங்கிறாங்க, போடலாமா?

போடாதீங்க போடாதீங்க போடாதீங்க. அமெரிக்கா செட்டுல வர்ற போல்ட்டு 12-24ன்னு ஒரு அளவு, சுமார் 5.5 மில்லி தடிமன், இன்ச்சுக்கு 24 மரை. எம்6 ஆறு மில்லி தடிமன், அதுக்கு இன்ச்சுக்கு இருபத்தஞ்சு சொச்சம் மரை. மரை ஏறக்குறைய ஒத்துப் போறதால முதல் ஒரு சுத்து ரெண்டு சுத்து கடிச்ச மாதிரி தெரியும், நம்மாளு சரியா இருக்குன்னு ஸ்பேனர போட்டு திருகுவான், உள்ள இருக்க பித்தளை நட்டோட மரை பூரா வழிச்சுட்டு வந்துரும். இதுல சோனார் மாதிரி ஜெர்மன் செட்டுன்னா அதுக்கு எம்6தான் சரி, அதனால எந்த கம்பெனின்னு தெரியாம எதையும் உள்ள விடாதீங்க. நல்லா இருக்க இன்னொரு லக்குல இருந்து போல்ட்ட கழட்டி கையாலயே விட்டுப் பாருங்க, கையால சுத்தி போகலைன்னா அது அதோட போல்ட்டு இல்ல.

கோடு விட்ட லக்கு துத்தநாக வார்ப்பு. இரும்பு மாதிரி வளையாது, பீங்கான் மாதிரி படக்குன்னு போகும். வெல்டிங்கும் ஒத்து வராது. அந்த லக்க கழட்டி பத்திரமா வச்சுட்டு அதே ஓட்டை தூரத்துக்கு வர்ற புது லக்கு ஒண்ணு மாட்டி அடிங்க.

கழட்டும்போது உள்ள பாருங்க, ஸ்பிரிங்கு கிணுகிணுன்னு சத்தம் போடாம இருக்க பஞ்சோ கம்பளித் துணியோ திணிச்சிருப்பாங்க. மத்த ஊர்ல அது நல்லது. நம்ம ஊர்ல அது உப்புத் தண்ணிய குடிச்சுட்டு வருசக்கணக்கா ஸ்பிரிங்க நனைச்சுக்கிட்டே இருக்கும். எடுத்துப் போட்டுட்டு ஸ்பிரிங்குக்கு வாசலின் ஒரு தொடு தொடுங்க.

பாம்பன்: ரிம்மு, அதான் ஹெட்ட அமுக்கிப் புடிக்கிற வளையம், அதோட குரோம்ல புள்ளி புள்ளியா துரு, தேங்காண்ண போட்டு தொடைக்கிறேன் அண்ணே, போகவே இல்ல.

தேங்காண்ண தலைக்கு தங்கச்சி. அது காஞ்சு பிசுபிசுன்னு ஆகி தூசியும் உப்பும் சேந்து ஒட்டிக்கும், அப்புறம் அத எடுக்க தனி வேலை.

நம்ம பிரச்சனை துரு இல்ல, உப்பு. சமையக்கட்டுல உப்பு ஜாடி ஐப்பசி மாசம் தானா நசநசன்னு ஆகுதுல்ல, காத்துல ஈரம் 75 சதவீதத்த தாண்டுனா உப்பு காத்துல இருக்க தண்ணியயே இழுத்து கரைஞ்சுரும். ரிம்மு மேல கண்ணுக்கே தெரியாம படிஞ்ச உப்பும் அப்படித்தான், ராத்திரி பூரா அங்க ஒரு சொட்டு உப்புத் தண்ணி உக்காந்திருக்கும், குரோம்ல ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருந்தா உள்ள எறங்கி இரும்ப திங்கும். உங்க வீட்டுக்குப் பக்கத்துல 1914ல தொறந்தாங்களே பழைய ரயில் பாலம், அதுக்கு பெயிண்ட் அடிச்சு அடிச்சே எத்தன பேரு ரிட்டையர் ஆனாங்கன்னு கேட்டுப் பாருங்க.

அதனால வறத்துணியால தேய்க்காதீங்க, உப்பு கீறும். நல்ல தண்ணியில துணிய நனைச்சு முறுக்கிப் பிழிஞ்சு ஒரு தடவ, உடனே காஞ்ச துணியால இன்னொரு தடவ. இருக்க புள்ளிக்கு, சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாள கசக்கி உருண்டையாக்கி தண்ணியில தொட்டு மெதுவா தேயுங்க, குரோம விட அது மெதுசு, கீறாது. கடைசியா கார் மெழுகு லேசா. ஆனா பளபளப்பு நீலமா இல்லாம லேசா மஞ்ச அடிச்சா அது நிக்கல், அதுல இந்த வேலை காட்டாதீங்க, பூச்சு கையோட வந்துரும். பித்தளை பாலிசும் அப்படித்தான், விளக்கு மாதிரி மின்னும், ரெண்டு வருசத்துல நிக்கலே இருக்காது.

உச்சிப்புளி: டபிள்யூடி-40 அடிக்கலாமா?

சிக்குன போல்ட்ட கழட்ட மட்டும், அதுவும் துணியில அடிச்சு தொட்டு வைங்க. ஷெல்லு மேல படக்கூடாது. கழட்டுனதும் தொடைச்சுருங்க.

பெரியபட்டினம்: மழைக்காலம் பூரா பிளாஸ்டிக் கவர்ல கட்டி பெட்டியில வச்சுட்டா சேஃப்தானே பாய்?

நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. ஒரு தடவ கடக்கரையில திருவிழா, விடிய விடிய அடிச்சுட்டு அலுப்புல ஸ்னேர தொடைக்காம அப்படியே கவர்ல சுத்தி ரெக்சின் பெட்டியில போட்டு மூடிட்டேன். வாடைக்காத்து முடிஞ்சு பொங்கலுக்குத்தான் தொறந்தேன். நாத்தமே வேற மாதிரி இருந்துச்சு. ரிம்மு பட்ட எடமெல்லாம் வளையம் வளையமா காப்பிக் கலர்ல கறை, லீவரு அசையல. கச்சேரிக்கு நேரமாச்சு, கட்டை விரல வச்சு ஒரு அமுக்கு, டிக்குன்னு ஒரு சத்தம், லீவரு கையோட வந்துருச்சு. ஒடஞ்ச எடம் சாம்பல் கலர்ல சீனி அள்ளி வச்ச மாதிரி பொரிப்பொரியா இருந்துச்சு. அந்தத் துண்டு இன்னும் என் டூல்ஸ் டப்பாவுல கெடக்கு.

பிளாஸ்டிக்குல மூடுனா வெளி உப்பு வராது, சரி, ஆனா உள்ள இருக்க உப்பும் ஈரமும் வெளிய போகாது. பழைய முத்து கலர் ராப்பு (ஷெல்லு மேல சுத்தி ஒட்டுன செல்லுலாய்டு தாளு) போட்ட செட்டுன்னா இன்னும் மோசம், அந்த செல்லுலாய்டு வயசாக வயசாக சுருங்கி லேசா ஆவி விடும், அது அடைபட்டா பக்கத்துல இருக்க உலோகத்தையே அரிக்கும். பருத்தித் துணி போட்டு மூடுங்க, கடல் பாக்காத ரூம்ல, தரையில வைக்காம பலகை மேல. சிலிக்கா ஜெல் வைக்கலாம், ஆனா கலர் மாறுனதும் சட்டியில வறுத்து திருப்பி வைக்கணும், போட்டுட்டு மறந்துட்டா அது வெறும் கல்லு.

அதனாலதான் வாராவாரம் அடிக்கிற செட்ட விட பூட்டி வச்ச செட்டு இந்தக் கரையில சீக்கிரம் சாவுது. அடிக்கிறவன் தொடைப்பான். பூட்டுனவன் சாவிய எங்க வச்சோம்னே மறந்துருவான்.

தொண்டி: பேண்டு செட்டு பேஸ் டிரம்மு, கன்னுக்குட்டித் தோலு இன்னும் ஒரிஜினல். மழை வந்தா தொங்குது, இறுக்கி அடிக்கலாமா?

1957ல ரெமோ கம்பெனி பிளாஸ்டிக் ஹெட்டு கொண்டு வர்றதுக்கு முந்தி ஏறக்குறைய எல்லாரும் தோல்லதான் அடிச்சாங்க, அதனால அடிக்கலாமான்னா அடிக்கலாம். பறை அடிக்கிறவங்க ஏன் தீயில காட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியும், இதுவும் அதே தோலு. ஆபத்து அடிக்கிறதுல இல்ல, அடிச்சு முடிச்சப்புறம்தான். ஈரத்துல தொங்குறப்ப நீங்க இறுக்குறீங்க, மறுநாள் பத்து மணி வெயில்ல தோலு சுருங்கி இழுக்கும், அந்த இழுப்பு பூரா ரிம்முக்கும் கொக்கிக்கும்தான் போகும், தோலு கிழியும் இல்லாட்டி வார்ப்பு ஒடையும். அடிச்சு முடிச்சதும் எல்லா போல்ட்டையும் ஒரு சுத்து தளத்திட்டுத்தான் சாப்பிடப் போகணும். என்னக் கேட்டா தோல பத்திரப்படுத்திட்டு பிளாஸ்டிக் போட்டு அடிங்க, ஆனா பிளாஸ்டிக்கு எவ்வளவு இறுக்குனாலும் தாங்கும், உங்க பழைய லக்கு தாங்காது, அத மனசுல வச்சுக்கங்க.

ஏர்வாடி: ஸ்னேர் லீவரு போச்சு, புதுசு மாட்ட ரெண்டு ஓட்டை போடணும்ங்கிறாரு மெக்கானிக்.

மெக்கானிக்க மாத்துங்க. பழைய ஓட்டை தூரத்த மில்லி கணக்குல அளந்து அதுக்கு ஒத்து வர்ற லீவரு தேடுங்க. அகப்படலைன்னா ஒரு பித்தளைத் தகட்டுல பழைய ஓட்டைக்கு நேரா ரெண்டு, புது லீவருக்கு ரெண்டு துளை போட்டு தகட்ட ஷெல்லுல மாட்டி, தகட்டுல லீவர மாட்டுங்க. ஷெல்லுல ஓட்டை போட்டா அது போட்டதுதான்.

தேவிபட்டினம்: தாத்தா தவிலு, தோல் வாரு போட்டது. இப்ப எல்லாரும் ஸ்டீல் வளையம் போல்ட்டுக்கு மாத்துறாங்களே, மாத்தவா?

தவிலு எனக்கு தூரத்து சொந்தம்தான், அதனால தெரிஞ்சத மட்டும் சொல்றேன். தெனம் கச்சேரிக்கு வேணும்னா ஸ்டீல் வளையம் போட்ட இன்னொரு தவிலு வாங்குங்க. தாத்தாவுது வாரோடயே இருக்கட்டும். வார் இழுத்துக் கட்டத் தெரிஞ்ச கை இப்ப கொறஞ்சுக்கிட்டே வருது, அப்படி ஒரு பெரியவர் ஊர்ல இருந்தா இப்பவே கூட்டிட்டு வந்து காட்டுங்க.

ரெண்டு மூணு பேரு: வித்தா எவ்வளவு போகும்?

இந்த கேள்விக்கு நான் ஆள் இல்ல.

இராமேஸ்வரம்: நீங்க சொல்ற மாதிரி லக்கு, லீவரு எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு புதுசு மாட்டுனா அது எப்படிண்ணே ஒரிஜினல் செட்டு ஆகும்?

நல்ல கேள்வி, என் மச்சானே இத வச்சு என்கூட சண்ட போட்டிருக்கான். என் கணக்கு இதுதான்: ஒரு ஓட்டை கூடாம, ஒரு மரை தேயாம, ஒரே சாயங்காலத்துல எல்லாத்தையும் பழையபடி மாட்ட முடியும்னா அது ஒரிஜினல்தான். அதுக்கு ஒழுங்கு வேணும். கழட்டுற ஒவ்வொண்ணையும் தனித்தனி துணிப்பையில போட்டு எந்த டிரம், எத்தனாவது லக்குன்னு சீட்டு எழுதி வைங்க, கழட்டுறதுக்கு முந்தி போட்டோ எடுங்க. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டுனீங்கன்னா உங்க பேரன் பழைய இரும்புக்காரன்ட்ட எடைக்குப் போட்டுட்டு ஐஸ் வாங்கித் திம்பான்.

தாத்தா அடிச்ச கடைசி கச்சேரியோட ஹெட்டு, அவரு கையெழுத்து, இப்படி ஏதாச்சும் இருக்க டிரம்ம மட்டும் அடிக்காதீங்க, அது கணக்குல வராது.

வாலிநோக்கத்துல இருந்தும் திருப்புல்லாணியில இருந்தும் அனுப்புன போட்டோ இருட்டா இருக்கு, பகல் வெளிச்சத்துல திருப்பி எடுத்து அனுப்புங்க. லக்க வெளிப்பக்கம் எடுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது, கழட்டி உள்பக்கத்த எடுங்க.