கணினிக் கேள்வி–பதில்: புள்ளியில் தொடங்கும் அடைவுகள்

கேள்வி: எங்கள் கோயில் சங்கத்தின் கணக்குகளும் தமிழ் வகுப்புப் பாடங்களும் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள பழைய மடிக்கணினியில் இருந்தன. புதிய மடிக்கணினியில் 24.04-ஐ நிறுவி, பழையதில் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து யூஎஸ்பி வன்தட்டு வழியாக நகலெடுத்தேன். ஆவணங்கள் வந்துவிட்டன. தண்டர்பேர்டு அஞ்சல்கள், ஃபயர்ஃபாக்ஸ் புத்தகக்குறிகள், தமிழ் எழுத்துருக்கள் ஆகியவை வரவில்லை. எங்கே தவறினேன்?
– சங்கச் செயலாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பழைய மடிக்கணினியைத் தயவுசெய்து இப்போது அழித்துவிடாதீர்கள், நீங்கள் தேடுபவை அதில்தான் இருக்கின்றன. லினக்சில் ஒரு பயனரின் அமைப்புகள் பெரும்பாலும் அவருடைய கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்), புள்ளியில் தொடங்கும் பெயருடைய அடைவுகளில் இருக்கும். கோப்பு மேலாளர் அவற்றை வழக்கமாகக் காட்டாது என்பதால், ‘எல்லாவற்றையும்’ தேர்ந்தெடுத்தபோது அவை விடுபட்டுவிட்டன. கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் .தண்டர்பேர்டு, .மொசில்லா, .கான்ஃபிக், .லோக்கல் ஆகியவை கண்ணில் படும். நீங்களாகச் சேர்த்த எழுத்துருக்கள் .லோக்கலுக்குள் உள்ள ஷேர் அடைவிலோ, .ஃபான்ட்ஸ் அடைவிலோ இருக்கும்.

வன்தட்டின் வடிவத்தையும் பாருங்கள். அது விண்டோஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவம் என்றால், கோப்பின் உரிமையாளர் யார், யார் படிக்கலாம் என்ற லினக்ஸ் குறிப்புகள் அதில் தங்கா. தட்டில் வேறெதுவும் இல்லையெனில் அதை லினக்சின் எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றி, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ‘-ஏ’ (சிறிய a) தெரிவுடன் இயக்குவதே நல்லது. இயலாவிட்டால் ஹோம் அடைவு முழுவதையும் உரிமைக் குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் ஒரே டார் தொகுப்புக் கோப்பாகக் கட்டி வன்தட்டில் வையுங்கள். லினக்ஸ் உரிமையாளரை எண்ணால்தான் குறிக்கும்; உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000 என்பதால், இரண்டு கணினிகளிலும் நீங்களே முதல் பயனர் என்றால் உரிமை பொருந்திவிடும். பழைய மடிக்கணினியின் மின்கலம் ஓய்ந்திருந்து, நகலெடுக்கும்போது மின்வெட்டு வந்தாலும் கவலை வேண்டாம்: அதே ஆர்சிங்க் கட்டளையை மீண்டும் கொடுத்தால், முழுதாகச் சேர்ந்துவிட்ட கோப்புகளைத் தாண்டி மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இனிமேல்தான் வருகிறது. 24.04-இல் ஃபயர்ஃபாக்சும் தண்டர்பேர்டும் ஸ்னாப் பொதிகளாக, அதாவது தங்கள் அமைப்புகளைத் தனி அடைவில் வைத்துக்கொள்ளும் செயலிப் பொதிகளாக, வருகின்றன. ஹோமுக்குள் ஸ்னாப் என்ற அடைவில் அந்தந்தச் செயலியின் பெயரும், அதற்குள் காமன் என்ற அடைவும் இருக்கும்; .மொசில்லாவும் .தண்டர்பேர்டும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். இரு செயலிகளையும் ஒருமுறை திறந்து மூடிய பின், பழைய அடைவுகளை அங்கே வையுங்கள். வெறுமையான பக்கமே திறந்தால், ‘-பி’ (பெரிய P) தெரிவுடன் செயலியை இயக்கி, பட்டியலிலிருந்து பழைய ப்ரொஃபைலை (உங்கள் அஞ்சல், புத்தகக்குறிகளின் தொகுப்பை) தேர்ந்தெடுங்கள்.

.கான்ஃபிக் முழுவதையும் புதியதன் மேல் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு ஆண்டு இடைவெளியில் மேசைத்தளம் மிகவும் மாறிவிட்டது. லிப்ரெஆஃபிஸ் போல உங்களுக்குத் தேவையான செயலிகளின் அடைவுகளை மட்டும் எடுங்கள். தற்காலிகக் கோப்புகள் இருக்கும் .கேஷ் தேவையே இல்லை. கணினி முழுமைக்குமான அமைப்புகள் உள்ள ஈடிசி அடைவை அப்படியே நகலெடுப்பது ஆபத்தானது, ஏனெனில் எந்த வட்டுகளை இணைப்பது என்று சொல்லும் அதிலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பு பழைய வட்டின் அடையாள எண்களைக் கொண்டது. நீங்கள் நிறுவியிருந்த செயலிகளை அறிய, பழைய கணினியில் ஏப்ட்-மார்க் ஷோமேனுவல் கட்டளையின் பட்டியலைச் சேமித்துக்கொண்டு, வேண்டியவற்றைப் புதிதாக நிறுவலாம். தமிழ் விசைப்பலகையையும் அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில் புதிதாகவே சேர்த்துவிடுங்கள்.