ஏழாம் வகுப்பில் ரோபோ டீமா, ஃபவுண்டேஷன் கிளாஸா?

"பையன் ஏழாவது படிக்கிறான். ஸ்கூல்ல ரோபோ டீமுக்குப் பேர் கொடுக்கச் சொல்றாங்க. அதே சனி, ஞாயிறுலதான் ஜேஇஇ ஃபவுண்டேஷன் கிளாஸும். எதுக்கு அனுப்பறது? இதனால பின்னாடி காலேஜ் சீட்டுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?" ஓர் அம்மாவின் கேள்வி இது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். சீட்டுக்கு நேரடிப் பிரயோஜனம் கிடையாது அம்மா. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். மருத்துவத்துக்கு நீட், ஐஐடிக்கு ஜேஇஇ. ஏழாம் வகுப்பில் வாங்கிய கோப்பையைக் கொண்டுபோய்க் காட்ட இவற்றில் இடமே இல்லை. ஐஐடி மெட்ராஸ் 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒலிம்பியாட் வழியாகச் சில இடங்கள் தருகிறது, உண்மைதான். ஆனால் அது சர்வதேச ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் வரிசை. மேல் வகுப்புப் பிள்ளைகள் தனித்தனியாக எழுதுவது. பள்ளியிலேயே பணம் கட்டி ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் 'ஒலிம்பியாட்' வேறு, இது வேறு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்படியானால் எதற்கு அனுப்புவது? ஃபவுண்டேஷன் வகுப்பில் கணக்கு தயாராக வரும். விடையும் புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும். வேண்டிய தகவல் எல்லாம் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். பொருள் ஒன்றைக் கையால் செய்து ஓடவைக்கும்போது இந்த மூன்றும் கிடைக்காது. எது கெட்டுப்போனது என்பதைப் பிள்ளையேதான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்களோடும் பேசித் தீர்க்க வேண்டும். இதைப் பழக 11 முதல் 13 வயது தோதான காலம். பொதுத்தேர்வு இல்லை, தோற்றாலும் எதுவும் குறைந்துவிடாது. பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு இதற்கு நேரமும் கிடைக்காது, உங்களுக்கு மனமும் வராது.

கோடு பார்த்து ஓடும் ரோபோவை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் இதுதான் முதல் படி. புரோகிராமை ஏற்ற ஒரு அர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டாருக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, சக்கரங்கள், முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரமான ஒரு காஸ்டர், அகச்சிவப்புக் கதிரால் கறுப்பு வெள்ளையைப் பிரித்துப் பார்க்கும் ஐஆர் சென்சார் இரண்டு, 18650 லித்தியம் செல் இரண்டு, அதற்கான ஹோல்டர், சார்ஜர். எல்லாம் சேர்த்துச் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடியும். தரையில் 18 மில்லிமீட்டர் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் ஓடுபாதை தயார்.

முதல் நாள் பெரும்பாலும் ஒரே தகராறுதான் வரும். ரோபோ ஒரு துடி துடித்து நிற்கும், விளக்கு அணைந்து எரியும், மறுபடி துடிக்கும். புரோகிராம் எழுதிய பையனை மற்ற இருவரும் திட்டுவார்கள். அவனும் வரி வரியாக மாற்றிப் பார்ப்பான். ஆனால் குற்றம் புரோகிராமில் இருக்காது. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று சதுர 9 வோல்ட் பேட்டரியைப் போட்டிருப்பார்கள். இரண்டு மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. வோல்டேஜ் சரியும், போர்டு ரீசெட் ஆகும், அதாவது அணைந்து முதலிலிருந்து தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ரோபோவைக் கையில் தூக்கிப் பிடித்து ஓடவிட வேண்டும். காற்றில் சக்கரம் ஒழுங்காகச் சுற்றி, தரையில் வைத்ததும் ரீசெட் ஆனால், முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். 250 ரூபாய் மல்டிமீட்டரை வைத்து, மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும். இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். டிரைவரிலேயே 2 வோல்ட் அளவுக்குப் போய்விடும். மீதி 5.4 வோல்ட் அந்த மோட்டாருக்குச் சரியாக இருக்கும்.

பேட்டரி மாற்றியதும் ரோபோ ஓடும், ஆனால் கோட்டை விட்டு விலகும். சென்சார் தரையிலிருந்து 5 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் கறுப்பும் வெள்ளையும் அதற்கு ஒன்றுதான். உயரம் சரியாக இருந்தும் காலையில் ஓடுகிறது, மதியம் ஓடவில்லை என்றால் ஜன்னலைப் பாருங்கள். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது, சென்சாரைக் குழப்பிவிடும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் சின்னப் பாவாடை கட்டிவிட்டால் போதும். வகுப்பறையில் அருமையாக ஓடிய ரோபோ போட்டி மண்டபத்தில் கவிழ்வதற்கும் பல சமயம் வெளிச்ச வித்தியாசம்தான் காரணம். அளவை எண்ணாகத் தரும் சென்சார் என்றால், மண்டபத்துக்குப் போனதும் வெள்ளையில் ஒருமுறை, கறுப்பில் ஒருமுறை அளந்து, நடு எண்ணை எல்லையாக வைக்க வேண்டும். 80-ம் 20-ம் வந்தால் 50. சாதாரண ஐஆர் மாடலில் இதே வேலையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதன்மேல் இருக்கும் நீலத் திருகைத் திருப்பிச் செய்யலாம். அந்த ஸ்க்ரூடிரைவரை வீட்டில் மறந்துவிட்டு வரும் டீம் ஒவ்வொரு போட்டியிலும் ஒன்றாவது இருக்கும்!

லித்தியம் செல் விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் கண்டிப்பாகத் தலையிடுங்கள். சில்லறைக் காசு, சாவியோடு பையில் போடக் கூடாது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடக் கூடாது. உறை கிழிந்த செல்லைத் தூர வைத்துவிட வேண்டும்.

ரோபோவுக்குப் பள்ளியில் வசதி இல்லையா? குறையே இல்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து தேசிய அளவில் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் இதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். உங்கள் பையன் 10 முதல் 14 வயதுக்கான இளநிலைப் பிரிவில் வருவான். சொந்த ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். இதில் வேண்டியது பணமல்ல, பொறுமை.

பள்ளிக் குழாய்ச் சொட்டையே ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். 100 மில்லி அளவுக் குவளையைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். 5 நிமிடம் என்றால் மணிக்கு 1.2 லிட்டர், ஒரு நாளுக்கு 28.8 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு குடம். பத்துக் குழாய் என்று பெருக்கி, சார்ட்டில் பெரிய எண்ணாக எழுதிக்கொண்டு வருவார்கள். நடுவர், "எத்தனை மணிக்கு அளந்தீங்க?" என்று ஒரே கேள்வி கேட்பார். அங்கேயே சரிந்துவிடும். காலையில் மேல்தொட்டி நிறைந்திருக்கும், அழுத்தம் அதிகம், சொட்டு வேகமாக விழும். மாலையில் தொட்டி இறங்கியிருக்கும், சொட்டும் குறையும். காலையில் ஒருமுறை அளந்ததை 24 மணி நேரத்துக்கும் நீட்டினால் கணக்கு தப்பு. ஒரு வாரம், தினம் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டத்தையும் கூடவே குறிக்க வேண்டும். இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்குவதைப் பிள்ளை தானே பார்க்கும் அன்றைக்கு, பாடப்புத்தகத்தில் படித்த நீரழுத்தம் அதற்கு நிஜமாகப் புரியும்.

இனி டீம் விஷயம். மத்திய அரசு நடத்தும் அடல் மாரத்தான் போட்டியில் மூன்று பேர் வரை, சர்வதேச ரோபோ போட்டிகளான வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாடில் இரண்டு அல்லது மூன்று பேர், ஃபர்ஸ்ட் லெகோ லீகில் பத்துப் பேர் வரை சேரலாம். பத்துப் பேர் டீமில் பாதிப் பேர் பார்வையாளர்களாக உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு. முதல் வருஷம் மூன்று நான்கு பேர் போதும். லேப்டாப் தெரிந்த பையன் ஒருவன் கீபோர்டை விடவே மாட்டான். மற்றவர்கள் ஒயர் பிடிப்பார்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சார்ட் எழுத உட்கார்த்திவிடுவார்கள். இந்த வழக்கத்தை ஆசிரியரிடம் சொல்லியாவது நிறுத்த வேண்டும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை கைமாற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிவைப்பது நல்லது. வாரம் ஒருமுறை, ஒருவர் செய்ததை இன்னொருவர் விளக்க வேண்டும். நடுவர்கள் இதைத்தான் சோதிப்பார்கள். ஒயரிங் பற்றிய கேள்வியைப் புரோகிராம் எழுதியவனிடம் கேட்பார்கள்.

ஃபர்ஸ்ட் லெகோ லீகில் மேசைமேல் ரோபோ ஓடும் நேரம் இரண்டரை நிமிடம்தான். அதற்குக் கால் பங்கு மதிப்பு. ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள், புதுமைத் திட்டம் என்ன, சேர்ந்து எப்படி வேலை செய்தார்கள் என்ற மூன்றுக்கும் மீதி முக்கால் பங்கு. நடுவர் அறையில் பதில் சொல்வது பிள்ளைகள் மட்டுமே, கோச் வாய் திறக்க முடியாது. அதனால் அப்பாவோ, பணம் வாங்கும் பயிற்சி மையமோ செய்துகொடுத்த ரோபோ அந்த அறையில் மாட்டிக்கொள்ளும். "இந்த கியரை ஏன் இங்கே வெச்சீங்க?" என்றால் பிள்ளை திருதிருவென்று விழிக்கும். செலவும் சொல்லிவிடுகிறேன்: லெகோ கிட்டுக்கே பல பத்தாயிரம் ஆகும். பதிவுக் கட்டணம், பயணம் தனி. பள்ளியில் கிட் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள். கடன் வாங்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

பள்ளியில் கேட்க வேண்டியவை சில உண்டு. பிள்ளைகள் கையால் செய்து பார்க்கும் கூடமான அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா? மத்திய அரசு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருவது ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் தொட்டுப் பழகத்தான். பூட்டிவைத்து விருந்தினருக்குக் காட்ட அல்ல. வாரத்தில் எத்தனை மணி நேரம் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் 6 முதல் 8 வரைக்கும் 2022-ல் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டம் இருக்கிறது, அதை நடத்தும் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் புது யோசனை அனுப்பச் சொன்னால் தாராளமாக அனுப்பலாம், தேர்வானால் 10,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அது தனிநபருக்கானது, டீம் அனுபவம் அதில் வராது. எந்தப் போட்டியானாலும் வயது வரம்பும் டீம் அளவும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பிள்ளையே படிக்கட்டும். பாதி டீம்கள் அதைப் படிக்காமலே வருகின்றன.

நேரக் கணக்கு இதுதான். வாரம் இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம், 12 வாரம். மொத்தம் 48 மணி நேரம். ஜூலையில் ஆரம்பித்தால் செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் விட்டாலும் அக்டோபரில் முடியும். அக்டோபரில் ஆரம்பித்தால் டிசம்பர் அரையாண்டோடு மோதும், வீட்டில் சண்டை வரும். ஃபவுண்டேஷன் வகுப்பை விடவே மனமில்லையென்றால் சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு நாளும் அடைபட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை இரண்டிலும் கவனம் விடும். அப்போது நிறுத்த வேண்டியது ஃபவுண்டேஷன் என்பதே என் கருத்து. அதை ஒன்பதாம் வகுப்பில் பிடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, 100 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொடுப்பது. தேதி, என்ன செய்தோம், எது ஓடவில்லை, எதை மாற்றினோம் என்று தினம் நாலு வரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பேட்டரியையும் புரோகிராமையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. நோட்டு அழகாக இருக்க வேண்டியதில்லை, அடித்தல் திருத்தல் இருக்கட்டும். போட்டி முடிந்து வரும்போது ஜெயித்தாயா என்று கேட்பதற்கு முன்னால், அன்றைக்கு எந்தப் பக்கத்தில் என்ன எழுதினான் என்று கேளுங்கள். பக்கம் காலியாக இருந்தால், அந்தப் பயிற்சியை நடத்தியது யார் என்று ஆசிரியரிடம் விசாரிக்கலாம்.