மூக்கைத் துடைக்கும் கை

அன்புள்ள அண்ணா,

திருவள்ளூர் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பன்முகத்தன்மையையும் சமத்துவத்தையும் வளர்க்க இந்த வருடம் என்ன செய்யப்போகிறேன் என்று ஐந்து பணி இலக்குகள் எழுதித் தரும்படி பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது? நான் எல்லாக் குழந்தைகளையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாதியெல்லாம் எங்கே தெரியப்போகிறது? செங்கல் சூளையிலிருந்து இரண்டு ஒடியாக் குழந்தைகள் வருகிறார்கள், அவர்களோடு பேசத்தான் முடியவில்லை. இதற்கென்று டிப்ளமோ ஏதாவது படிக்கலாமா?

க.

அன்புள்ள தங்கைக்கு,

டிப்ளமோ உங்கள் விருப்பம். "எல்லாக் குழந்தைகளையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன்" என்ற வரிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. இதைச் சொல்லாத டீச்சரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு 'அ' எழுதப் பழக்கிய டீச்சரும் இதையே சொல்லியிருப்பார், அதுவும் மனசார.

1983இல் எனக்கு நாலு வயது. முந்தின வருடம் ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார், எங்கள் ஊர் பால்வாடியிலும் மத்தியானச் சோறு வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே வரிசை. யாரையும் தள்ளி உட்காரவைத்ததாக ஞாபகம் இல்லை. எனக்கு எந்நேரமும் சளி. டீச்சர் என்னை மடியில் இழுத்துப்போட்டு, முந்தானையால் மூக்கைப் பிடித்து, "சீந்து, நல்லா சீந்து" என்பார். அந்தச் சேலையின் பவுடர் வாசனை இன்னும் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்காரும் சிறுமி காலனியிலிருந்து வருவாள் (அப்போது எல்லோரும் சொன்ன சொல் அது, 2025இல்தான் அரசு அதை ஆவணங்களிலிருந்து எடுப்பதாக அறிவித்தது). அவளுக்கும் சளிதான். ஒருநாள் என் மூக்கைத் துடைத்து முடித்ததும், அடுத்தது தன் முறை என்று அவளும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "போய்க் கழுவிட்டு வாம்மா" என்றார் டீச்சர். குரலில் கடுமையே இல்லை. அவள் குழாயடிக்குப் போய்க் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் அவள் வந்து நிற்கவே இல்லை, மூக்கு ஒழுகினால் தானே எழுந்து போய்விடுவாள். சொல்லாமலே செய்கிற நல்ல பிள்ளை என்று டீச்சர் அவளைப் பாராட்டக்கூடச் செய்தார்.

என் மகளுக்கு மூக்கு சிந்திவிட்ட ஒரு ராத்திரியில்தான் இது எனக்கு உறைத்தது. அதற்குள் முப்பது வருடம் ஓடிவிட்டது.

மூன்று வயதில் என்ன தெரியும் என்கிறீர்கள். சாதியின் பெயர் தெரியாது, சரி. எந்தக் கை தன்னைத் தொடும், எது தொடாது என்று நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன்னால் நிறம் மட்டும் மாறிய பொம்மைகளை வைத்து, இதில் நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. யார் பாடம் நடத்தினார்கள் அவர்களுக்கு? நம்மூரில், 2018இல் அவிநாசி பக்கம் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று பெற்றோர்கள் எதிர்த்து, அவரை இடமாற்றம் செய்கிற வரைக்கும் போனது, அந்த இடமாற்றத்துக்கு எதிர்ப்பு வந்தபிறகுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்று இன்னொரு தடவை எழுதாதீர்கள்.

பயிற்சியில் அமெரிக்கக் குழந்தைக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸின் நான்கு இலக்குகளைச் சொல்லியிருக்கக்கூடும்: தன்னைப் பற்றிய நிமிர்வு, வித்தியாசமானவர்களோடு இயல்பாகப் பழகுவது, அநியாயத்தைக் கண்டுகொள்வது, அதை எதிர்த்து நிற்பது. நல்ல இலக்குகள்தான், எல்லாம் பிள்ளையிடம் வளரவேண்டியவை. உங்களுடையது என்று எழுத நான் ஒன்று சொல்கிறேன். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு மாதம், பிள்ளைகள் போனபிறகு, இன்றைக்கு யாரைத் தூக்கினேன், யாருக்கு ஊட்டிவிட்டேன், யார் மூக்கைத் துடைத்தேன், யாரைத் துடைப்பம் எடுத்துவர அனுப்பினேன் என்று பெயர் பெயராக எழுதுங்கள். யார் பெயர் முதல் மூன்றிலும் வராமல் கடைசியில் மட்டும் வருகிறது என்று பாருங்கள். "அழுக்கா வர்றான், தலையெல்லாம் பேன்" என்று உங்களுக்குள் ஒரு பதில் வரும், வாய் ஒழுகும் பிள்ளை என்றால் இன்னொரு பதில் வரும். அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மறுநாள் காலையில் முதலில் அந்தப் பிள்ளையைத் தூக்குங்கள். அருவருப்பாக இருந்தால் இருக்கட்டும், முகத்தில் காட்டாமல் தூக்குங்கள், பத்து நாளில் போய்விடும்.

ஒடியாக் குழந்தைகளோடு பேச முடியவில்லையா? சூளைக்குப் போய் அவர்கள் அம்மாவிடம் பத்துச் சொல் கேட்டு வாங்குங்கள், பசி, வலி, ஒன்றுக்குப் போகணும், இந்த மாதிரி. தண்ணீருக்கு 'பாணி', அதை நாளைக்கே பேசலாம். மழைக்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும், உங்களுக்கு இருப்பது சில மாதங்கள்தான்.

ஐந்து கேட்டீர்கள், எனக்கு இரண்டுதான் வந்தது. மீதி மூன்றை உங்கள் மையத்து ஆயாவிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளை யாரைப் பார்த்தால் ஒதுங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
அண்ணன்