ஆயுசுக்கும் ஒரே மருந்துத் துப்பாக்கி: எதை வாங்குவது?

குடியாத்தம் பக்கம் நிலம், காட்டுப்பன்றித் தொல்லை, காலத்துக்கும் உழைக்கும் மருந்துத் துப்பாக்கி (குழல் வாய் வழியே கருமருந்து என்னும் வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடுவது) எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உரிமம். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959 ஆயுதச் சட்டத்திலேயே இடமிருக்கிறது; ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மலையில் ரகசியமாகக் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கி பக்கம் போகவே வேண்டாம். உரிமம் இருந்தாலும் வனத்துறை அனுமதியில்லாமல் பன்றியைச் சுடக் கூடாது.

சரி, துப்பாக்கி. என் தேர்வு ஒற்றைக் குழல், கேப் (அடித்தால் பொறி கிளப்பும் சின்ன உலோக மூடி) வைத்து வெடிப்பது. சக்கிமுக்கிக் கல்லால் பொறி கிளப்பும் வகை ஈரக்காற்றில் எளிதில் ஏமாற்றிவிடும். வாங்கும்போது, காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியல்) பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்துங்கள். குதிரை விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

அப்புறம், ஆயுசு சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. சுட்டபின் குழலில் தங்கும் கருமருந்துக் கரி உப்புத்தன்மை உள்ளது. ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். வெறும் எண்ணெய் அதைக் கரைக்காது. சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு எண்ணெய் பூசுங்கள். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி விட்டாலும் துரு ஏறிவிடும்.