மிஷினைப் போடறதுக்கு முன்னாடி போனைப் போடுங்க தம்பி

பெருந்துறைப் பக்கமிருந்து இங்கிலாந்துல இருக்கிற லெஸ்டருக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். வாடகை வீடு. அவர் சம்சாரம் முன் ரூம்ல ரெண்டு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கப் போறாங்களாம், ஆரி ஒர்க்கும் எடுப்பாங்களாம், திருப்பூர்ல இருந்து நைட்டியும் கொழந்தைக துணியும் எறக்கி விக்கிற யோசனையும் இருக்காம். "ஓனர்தான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்காரே, நாங்களும் போடணுங்களாண்ணா? போட்டா தையல் விஷயத்தைச் சொல்லணுங்களா? இங்க இருக்கிறவங்க சொல்லாதீங்கறாங்க." கூடவே எந்தக் கம்பெனி சலிசு, டேக்ஸ் எப்படி, பையனை எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்னு ஒரு பட்டியல்.

நான் இப்ப லீவுக்குச் சென்னிமலையில மச்சான் வீட்டுல இருக்கேன். ஆசாரத்துல தறி, திண்ணையில நூல் மூட்டை. இன்சூரன்ஸ்னு சொன்னா பைக்குக்கான்னு கேப்பாங்க. இந்தப் பழக்கத்தோட வர்ற நமக்கு அந்த ஊர் பாலிசிக் காகிதம் புரிய நாளாகும், அதுல தப்பில்ல. ஆனா அங்கயே காலங்காலமா இருந்துட்டு "சொல்லாதீங்க, யார் வந்து பாக்கப்போறா"ன்னு உபதேசம் பண்றாங்க பாருங்க, அவங்க மேலதான் எனக்குக் கோவம். வருசத்துக்கு நாப்பது பவுண்டு மிச்சம் புடிச்சேன்னு விருந்துக்கு விருந்து பெருமை பேசற கூட்டம் அது.

யார் வந்து பாப்பான்னு நான் பாத்திருக்கேன். 2009-ல நான் போனப்ப மாடியில ஒரு பெட்டி ரூம், கட்டில் போட்டா கதவு தொறக்காது. வீட்டு ஓனர் நம்மாளுதான். கீழ அடுப்படியில விசேஷங்களுக்குச் சமைச்சுக் குடுக்கற தொழில். இன்சூரன்ஸ் பாரத்துல ஆபீஸ் வேலைன்னு எழுதியிருந்தார். ஒரு ராத்திரி எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சு. ஆளுக எல்லாம் தப்பிச்சோம். ஃபயர் சர்வீஸ் அடிச்ச தண்ணியில என் சர்டிபிகேட்டெல்லாம் ஊறிப் போச்சு. நாலஞ்சு நாள் கழிச்சு கம்பெனி அனுப்பின லாஸ் அட்ஜஸ்டர், அதான் நஷ்டத்தை விசாரிக்கிற ஆளு, வந்தார், தன்மையா டீ குடிச்சார், பின்னாடி சந்துல கவுத்து வெச்சிருந்த அண்டாவையும் போசியையும் போட்டோ எடுத்துட்டுப் போனார். அவ்வளவுதான், பணம் கெடையாதுன்னு கடுதாசி. குடியிருந்த எங்களுக்கும் ஒரு பைசா வரல, ஓனர் பாலிசி கட்டடத்துக்கு மட்டுந்தான். அந்த மாச வாடகையை மட்டும் அவர் மறக்காம வாங்கிட்டார்.

உங்க மொதக் கேள்விக்குப் பதில் அதுலயே இருக்கு. செவுரும் கூரையும் அவரோடது. உங்க டிவி, துணிமணி, நகைக்கு நீங்கதான் கன்டென்ட்ஸ் பாலிசி போடணும். நகைக்கு ஒரு உருப்படிக்கு இவ்வளவுதான்னு வரம்பு இருக்கும், தாலிக்கொடியை அதுல தனியா எழுத வெக்கணும்.

ரெண்டாவதுக்கு வர்றேன். அங்க 2012-ல ஒரு சட்டம் போட்டு 2013 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி கம்பெனி கேக்காததையும் நாமளாச் சொல்லியாகணும். இப்ப வீட்டுப் பாலிசிக்கு, கேட்ட கேள்விக்குக் கவனமா உண்மையைச் சொன்னாப் போதும். "இந்த வீட்டுல தொழில் நடக்குதா, கஸ்டமர் வருவாங்களா"ன்னு கேக்கத்தான் செய்வாங்க. கம்ப்யூட்டர்ல ஒக்காந்து பண்ற ஆபீஸ் வேலைன்னா பெரும்பாலும் கண்டுக்க மாட்டாங்க. மிஷின், சரக்கு, வந்துபோற ஆளுகன்னா சங்கதி வேற. தெரிஞ்சே பொய் சொன்னா பாலிசியையே ரத்து பண்ணலாம், கட்டுன பணமும் திரும்பாமப் போகலாம். அசால்ட்டுல விட்டதுன்னா, உண்மை தெரிஞ்சிருந்தா 400 பவுண்டு பிரீமியம் கேட்டிருப்போம், நீங்க 200 தான் கட்டினீங்கன்னு சொல்லி, 10,000 பவுண்டு நஷ்டத்துக்கு 5,000 குடுப்பாங்க. அதைவிட மோசம், ஒருக்கா ரத்தானா அடுத்த கம்பெனிப் பாரத்துல அதையே கேள்வியாக் கேப்பாங்க. ஆயுசுக்கும் கூட வரும்.

சொன்னாலும் சாதாப் பாலிசியில எல்லாம் அடங்காது. விக்க வெச்ச நைட்டி 'சரக்கு', வீட்டுச் சாமான் ஆகாது. அளவுக்குக் குடுத்துட்டுப் போற பட்டு ஜாக்கெட் மத்தவங்க பொருள். கஸ்டமர் வந்துபோற வீட்டுல களவு போனா, பூட்டை ஒடச்சு வந்தாத்தான் பணம்னு பல பாலிசியில இருக்கும். அளவு எடுக்க வந்த அம்மா ஒயர் தடுக்கி விழுந்து கைய ஒடச்சா, அந்த நஷ்டஈட்டுக்குப் பப்ளிக் லயபிலிட்டிங்கற இன்சூரன்ஸ் தனியா வேணும். அதனால வீட்டுத் தொழிலுக்குன்னே இருக்கிற பாலிசியைக் கேளுங்க. ஆனா அதுல, கேக்காததையும் நீங்களா முன்கூட்டியே சொல்லணும், வியாபாரப் பாலிசிக்கு வேற சட்டம், 2015-ல போட்டது. நாளைக்குக் கைமடிக்கு ஒரு பொண்ணைச் சம்பளத்துக்கு வெச்சீங்கன்னா எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி, அதான் வேலையாளுக்கு அடிபட்டா நஷ்டஈடு குடுக்கற இன்சூரன்ஸ், கட்டாயம், கொறஞ்சது 50 லட்சம் பவுண்டுக்கு; இல்லாம ஓட்டினா ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம். சொந்தக்காரப் பொண்ணுதானேன்னு நெனைக்காதீங்க, நெருங்கின குடும்பத்தாளுகளுக்கு மட்டுந்தான் விலக்கு, ஒரம்பரை எல்லாம் அதுல வராது.

இதுக்கெல்லாம் முன்னாடி ஓனர்கிட்ட ஈமெயில்ல சம்மதம் வாங்குங்க. வாடகை ஒப்பந்தத்துல தொழில் கூடாதுன்னு ஒரு வரி அனேகமா இருக்கும், அவரும் அவர் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியிருக்கும். வாய்ச்சம்மதம் வேண்டாம், நம்மாளா இருந்தா சுத்தமா வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட போன்ல பேசினாலும் யார் பேசினா, என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சுட்டு அதையே மெயிலாப் போட்டுடுங்க. என் வீட்டுல அதுக்குன்னே ஒரு ஃபைல் இருக்கு, எம் பையன் சிரிப்பான். ஊருக்குக் கெளம்பறப்ப வீட்டுக்குத் தண்ணி வர்ற மெயின் வால்வை அடைச்சுட்டுத்தான் வருவேன், அதுக்கும் சிரிப்பான். முப்பது நாளுக்கு மேல வீடு சும்மா கெடந்தா கொழாய் வெடிச்சதுக்குப் பணம் இல்லைன்னு நெறையப் பாலிசியில போட்டிருக்கும். ஆறு வாரம் லீவுல வர்ற நம்மளவங்க எத்தன பேருக்கு அது தெரியும்?

கம்பெனி பேரெல்லாம் கேக்காதீங்க, வருசத்துக்கு வருசம் வெலை மாறும். டேக்ஸ்ல ஒண்ணு மட்டும்: நீங்க ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுல வந்திருந்தா, தொழிலை உங்க பேர்ல பதியாதீங்க. டிபென்டென்டா வந்த உங்க வீட்டம்மா சொந்தத் தொழில் பண்ணலாம், அவங்க பேர்லயே இருக்கட்டும். வரவு வருசத்துக்கு 1,000 பவுண்டு தாண்டுனா ஹெச்எம்ஆர்சி-ல, அதான் அந்த ஊர் வரி ஆபீஸ்ல, பதியணும்.

ஸ்கூல் பத்தி எங்க வீட்டுக்காரிகிட்டத்தான் கேக்கணும். அவங்க இப்ப ஈரோட்டுல ஜவுளி எடுக்கப் போயிருக்காங்க.