அடிமட்டத்தில் கீறிய சூத்திரங்கள்: பரீட்சையில் பார்த்து எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அதில் பல ஆண்டுகள் பொதுப் பரீட்சை மண்டபங்களில் நோக்குநராகவும், பின்னர் மேற்பார்வையாளராகவும் கடமையாற்றினேன். பரீட்சையில் கள்ளம் செய்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. பாதிக்கு மேல் தாய்மாரிடமிருந்துதான். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: டீச்சர், தரம் 8 இல் படிக்கும் என் மகன் தவணைப் பரீட்சையில் துண்டுத் தாளோடு பிடிபட்டான். அதிபர் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு நிற்க முடியவில்லை. அவனுடைய அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளை. என் பிள்ளை கள்ளனா?

இல்லை அம்மா. அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும் சொல்ல விடாதீர்கள்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். தரம் 11 தவணைப் பரீட்சை. காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் ஒரு பையன் இருந்தான். அவனுடைய பிளாஸ்டிக் அடிமட்டத்தில் வெளிச்சம் பட்டபோது ஏதோ மினுங்கியது. எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். கவராய முனையால் மயிரிழை போலச் சூத்திரங்கள் கீறியிருந்தான். கூம்பின் கனவளவு, கோளத்தின் மேற்பரப்பு, கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகை, எல்லாம் இருந்தன. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைக் கீற இரண்டு இரவாவது போயிருக்கும்.

பரீட்சை முடிந்ததும் அவனைத் தனியே கூப்பிட்டு, வெற்றுத் தாள் ஒன்றைக் கொடுத்து, அடிமட்டத்தில் இருந்ததை எல்லாம் எழுது என்றேன். அழுதுகொண்டே எழுதினான். ஒன்றும் பிழையில்லை. அவனுக்கு எல்லாம் மனப்பாடம். தனக்குத் தெரியும் என்பதைத்தான் அவன் நம்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "மறந்துபோனால் வீட்டுக்குப் போக ஏலாது டீச்சர்" என்றான்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பிடிபட்ட பிள்ளைகள் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்டேன்: குறைவாக எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும்? சோம்பலால் செய்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடுதலானோர் பயத்தில் செய்தவர்கள்.

அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, 1928 இல் முடிவை வெளியிட்டார்கள். நேர்மையான பிள்ளைகள், கள்ளப் பிள்ளைகள் என்று இரண்டு கூட்டத்தை அவர்களால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஓர் இடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோர் இடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. சூழ்நிலை மாறினால் நடத்தை மாறியது. ஆகவே உங்கள் மகனுக்கு என்ன சூழ்நிலை இருந்தது என்று பாருங்கள். இன்றிரவு அவனோடு தனியாக இருந்து, அந்தத் துண்டுத் தாளில் என்ன எழுதினாய் என்று மட்டும் கேளுங்கள். எந்தப் பாடத்தில், எந்த அலகில் அவன் பயந்தான் என்பது அதில் இருக்கும். பாடசாலை தரும் தண்டனையை அவன் ஏற்கட்டும், அதைக் குறைக்கச் சொல்லி அதிபரிடம் போகாதீர்கள். வீட்டில் இனி அடி வேண்டாம். அடித்தால் அடுத்த முறை பிடிபடாமல் செய்வதற்குத்தான் பழகுவான்.

கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவன்: சேர்ந்து படித்த நண்பன், பல்தேர்வு வினாத்தாளில் விடையைக் காட்டச் சொல்கிறான். காட்டாவிட்டால் நான் சுயநலக்காரனா?

தம்பி, நண்பனுக்கு உதவ வேண்டும் என்ற உன் மனம் நல்ல மனம். ஆனால் நீ காட்டும் விடை யாருடைய கையிலிருந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உன் இசட் புள்ளி எப்படி வருகிறது? ஒரு பாடத்தில் நீ எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படி வருவதன் சராசரிதான் உன் இசட் புள்ளி. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் ஏறத்தாழ 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அனுமதி கிடைத்த கடைசி ஆளுக்கும் கிடைக்காத முதல் ஆளுக்கும் இடையில் தசமத்துக்குப் பின் மூன்றாம் நான்காம் இடத்தில்தான் வித்தியாசம் இருக்கும். நீ காட்டிய இரண்டு விடைகளால் உன் நண்பன் ஒரு படி மேலே போனால், இதே கொழும்பு மாவட்டத்தில் இன்னொரு பிள்ளை ஒரு படி கீழே இறங்குகிறது. அந்தப் பிள்ளையை நீ அறிய மாட்டாய். உன் வகுப்பில் பின் வாங்கில் இருப்பவனாகக்கூட இருக்கலாம்.

நண்பனிடம் இன்றே சொல்: "மண்டபத்தில் காட்ட மாட்டேன். ஆனால் பரீட்சை வரை தினமும் ஒரு மணித்தியாலம் உன்னோடு இருந்து கடந்தகால வினாத்தாள் செய்கிறேன்." மண்டபத்துக்குள் போன பிறகு சொன்னால் அது துரோகமாகத் தெரியும். முன்கூட்டியே சொன்னால் நட்பு நிற்கும்.

மட்டக்குளியிலிருந்து ஒரு தந்தை: வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் ஒரு பாடத்துக்கு இரண்டு தனியார் வகுப்புக்குப் போகிறார்கள். நான் துறைமுகத்தில் நாட்கூலி. போட்டியே நியாயமில்லாதபோது, என் பிள்ளை பார்த்து எழுதினால் மட்டும் அது அநியாயமா?

ஐயா, இத்தனை கேள்விகளில் என்னை இரவில் தூங்க விடாதது உங்களுடையதுதான். நீங்கள் சொல்லும் ஏற்றத்தாழ்வு உண்மை. 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, எந்தப் பிள்ளையும் காசில்லாத காரணத்தால் வெளியே நிற்கக் கூடாது என்பதுதான் எண்ணம். இன்று பாடசாலைக்குப் பணம் கட்டத் தேவையில்லை, பரீட்சைக்கு ஆயத்தமாவதற்குத்தான் பணம் வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிக் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் பார்த்து எழுதுவதால் அந்த அநியாயத்தில் ஒரு துளியும் குறைவதில்லை. பக்கத்து மேசையில் இருப்பதும் மட்டக்குளிப் பிள்ளைதான், வசதியுள்ள பிள்ளை வேறெங்கோ ஒரு மண்டபத்தில் இருக்கிறது. அதோடு, பணமுள்ள பிள்ளை பிடிபட்டால் தகப்பன் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பிப்பார். உங்கள் பிள்ளைக்கு இந்த ஒரு கதவுதான் இருக்கிறது. 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் விளையாட்டில்லை. பெறுபேறு இரத்தாகலாம், மறுபடி தோற்றவே தடை விதிக்கப்படலாம்.

உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் போய் வெட்கப்படாமல் கேளுங்கள்: "தனியார் வகுப்புக்கு அனுப்ப வசதியில்லை, பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் தர முடியுமா?" நான் அறிந்த ஆசிரியர்களில் இதற்கு மறுத்தவர்கள் மிகச் சிலர். இதுவரை யாரும் கேட்காததால்தான் பலர் கொடுக்கவில்லை.

தெஹிவளையிலிருந்து ஒரு தந்தை: மகளின் வகுப்பு ஆசிரியர் பரீட்சைக்கு முன் "எதிர்பார்க்கை வினாக்கள்" தருகிறார். அதுவும் மோசடியா?

பத்து ஆண்டு வினாத்தாள்களைப் படித்து எது வரக்கூடும் என்று ஊகிப்பது மோசடியில்லை, அது உழைப்பு. வினாத்தாளைக் கண்டவர் வாயிலிருந்து வந்தால் அது களவு. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து வகுப்பு, கருத்தரங்கு, எதிர்பார்க்கை வினாத்தாள் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் தடைசெய்வது இந்த இரண்டும் கலந்துவிடாமல் இருக்கத்தான்.

கலந்தால் என்ன நடக்கும் என்பதை 2024 இல் கண்டோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியாகி, பரீட்சையை இரத்துச் செய்து மறுபடி நடத்தினார்கள். செப்டெம்பர் 15 ஆம் திகதி நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் கேள்விகள் முன்பே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மூன்று கேள்விகளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கிடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயது. மாதக்கணக்காகப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தார்கள். அந்த மூன்று கேள்விகளையும் தாமாகவே யோசித்துச் சரியாகச் செய்த பிள்ளைக்கு என்ன ஆறுதல்? கேள்வியை வெளியே விட்ட பெரியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இது நிச்சயம் வரும்" என்று யாராவது சொன்னால், சந்தேகப்பட்டு 1911 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். அது பரீட்சைத் திணைக்களத்தின் அவசர இலக்கம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு ஒப்படையும் செயற்றிட்டமும் நான்தான் செய்து கொடுக்கிறேன். எல்லாத் தாய்மாரும் செய்கிறார்கள். இதில் பிழை இருக்கிறதா?

இருக்கிறது. நிறுத்துங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பில் தரம் 1 அனுமதிக்காகப் பிரபல பாடசாலைக்கு அருகே வீடு இருப்பதாகக் காட்டப் பொய்க் குத்தகை எழுதும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். வீடு பார்க்க வருபவர்கள் கேட்டால் "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும் என ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு நாம் முதலில் மனப்பாடமாக்கியது பொய் முகவரி. பிறகு தரம் 8 இல் துண்டுத் தாளோடு பிடிபட்டால் எங்கே பழகினாய் என்று கேட்கிறோம்.

கிராண்ட்பாஸ், இளம் ஆசிரியர்: சாட்ஜிபிடியில் எழுதி ஒப்படை கொண்டுவருகிறார்கள். எப்படிப் பிடிப்பது?

பிடிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள் தம்பி. ஒப்படையை வாங்கியதும், எழுதிய பிள்ளையை எழுப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். செய்தவர் சொல்வார். அல்லது வகுப்பிலேயே, உங்கள் முன்னால், ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தவணைப் பரீட்சைக்கு ஒரு தாள் அளவு சூத்திரங்களைக் கையால் எழுதிக் கொண்டுவர அனுமதித்துப் பாருங்கள். அடிமட்டப் பையனுக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன். எழுதிக் கொண்டுவந்தவர்களில் பலர் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு பாட்டனார்: பேரனைக் "கெட்டிக்காரன்" என்று நான் புகழ்வது அவனைக் கெடுக்கும் என்று மருமகள் சொல்கிறாள். இது என்ன புதுக் கதை?

மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது ஐயா. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், சீனாவில் மூன்று, ஐந்து வயதுப் பிள்ளைகளை ஊகிக்கும் விளையாட்டு ஒன்றில் இருத்தினார்கள். சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றும், சிலரிடம் "இந்த முறை நன்றாகச் செய்தாய்" என்றும் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர், பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனபோது, கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகளே கூடுதலாக ஒளித்துப் பார்த்தார்கள். பட்டம் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றும் பாரமும் சேர்ந்து வருகிறது. "இந்தக் கணக்கை விடாமல் மூன்று தரம் செய்தாயே" என்று சொல்லுங்கள். அன்பு குறையப் போவதில்லை.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற லிகிதர்: எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை. சந்தேகம் வந்தாலே கடுமையாகத் தண்டிக்க வேண்டாமா?

சந்தேகத்தில் தண்டிக்கக் கூடாது ஐயா. அதுவும் தமிழர்களான நாம் அப்படிச் சொல்லக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவர்களுக்குப் புள்ளிகளை அள்ளிப் போட்டார்கள் என்று கதை பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். நிரூபிக்கப்படாத அந்தக் கதையும் சேர்ந்துதான், பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய தரப்படுத்தலுக்கு வழி விட்டது. இரவு பகலாகப் படித்த எத்தனை பேர் அதில் அடிபட்டார்கள் என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். ஆகவே துண்டுத் தாள் கையில் கிடைத்தால்தான் எழுதுவேன். கழுத்தைத் திருப்பினான் என்பதற்காக மட்டும் நான் ஒரு பிள்ளையின் பெயரையும் எழுதியதில்லை.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்: சாதாரண தரக் கணிதத்தில் முன்னால் இருந்தவளைப் பார்த்து எழுதித் திறமைச் சித்தி எடுத்தேன். இப்போது கல்வியியற் கல்லூரி முடித்து ஆசிரியையாகப் போகிறேன். ஒரு பிள்ளையைப் பிடிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

மகள், உங்கள் கேள்வியைப் பலமுறை வாசித்தேன். இத்தனை ஆண்டுகள் அதை மனத்தில் சுமந்திருக்கிறீர்கள், அதையே நான் ஒரு தகுதியாக எடுத்துக்கொள்கிறேன்.

அதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் எழுதிய ஆண்டின் கணித வினாத்தாளைத் தேடி எடுங்கள். ஒரு சனிக்கிழமை கதவைச் சாத்திவிட்டு, இரண்டாம் பகுதிக்குரிய மூன்று மணித்தியாலத்தையும் எடுத்து, தனியே எழுதுங்கள். எது வரவில்லையோ அதைப் படியுங்கள். மறுபடி எழுதுங்கள். எத்தனை சனிக்கிழமை ஆனாலும் பரவாயில்லை. தரம் 4 பிள்ளை பின்னம் கேட்டு வந்து நிற்கும்போது உங்களுக்குள் நடுக்கம் இருக்கக் கூடாது.

முன்னால் இருந்தவளோடு இன்றும் தொடர்பு இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அது தெரிந்திருக்கவும் கூடும், தெரியாமலும் இருக்கலாம்.

உங்கள் வகுப்பில் முதல் துண்டுத் தாள் பிடிபடும் நாளும் வரும். தாளை வாங்கி வையுங்கள், செய்ய வேண்டிய அறிக்கையைச் செய்யுங்கள். உங்கள் கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மறுநாள் இடைவேளையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, தாளில் எழுதியிருந்த அந்த ஒரு பாடத்தை மட்டும் முதலிலிருந்து சொல்லிக் கொடுங்கள். பத்து நிமிடம் போதும்.